கூட்ஸ் வண்டி ஓட்டுநருக்கு நான் எழுதிக் கொடுத்த 'குறை இல்லை' கடிதம்

சர்வீஸ் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு உற்சாகம் தரும்படி ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். முப்பத்தோரு வருடம் இரு சக்கர வண்டி ஷோரூமில் இருந்தவன், அதில் பாதிக்கு மேல் வாணியம்பாடி கிளைக்கு சர்வீஸ் மேனேஜர், இவனிடம் உற்சாகத்துக்கா பஞ்சம் என்று நினைத்திருப்பார்கள். உற்சாகம் தருவதற்கு விற்பனைப் பிரிவு இருக்கிறது. அவர்கள் வாடிக்கையாளருக்கு அதை வாரி வழங்கி அனுப்புவார்கள். மூன்று வாரம் கழித்து, மிச்சமிருக்கும் உற்சாகத்தோடு அவர் நம்மிடம் வருவார். அந்த மிச்சத்தை வைத்துக்கொண்டு குப்பை கொட்டுவதுதான் நம் வேலை.

அதனால் என் சாதனைகளை விட்டுவிடுகிறேன். அவற்றை என் பிரிவு உபசார விழாவில் ஏற்கனவே சொல்லிவிட்டார்கள். பாதி எனக்கே புதிய செய்தி. நான் சொல்லப்போவது ஓய்வு பெறுவதற்கு மூன்று வருடம் முன்பு நான் போட்ட ஒரு கையெழுத்தைப் பற்றி.

ஷோரூமில் டெலிவரி கொடுக்கும் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். பளபளக்கும் துணியால் மூடிய வண்டி, ரிப்பன், கேக், நாலு பேர் கைதட்டல், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். அட்டையில் செய்த ஆளுயரச் சாவியைக் கையில் கொடுத்துப் போட்டோ எடுப்பார்கள். மாமியார் வீட்டில் மாப்பிள்ளைக்குக்கூட அவ்வளவு மரியாதை கிடைக்காது. போட்டோ எடுத்ததும் அந்தச் சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள் என்பதையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படி ஒரு நாள் புது வண்டி எடுத்தவர் தனசேகரன். ஜோலார்பேட்டையில் ரயில்வே லோகோ பைலட், சரக்கு ரயில் ஓட்டுபவர். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லியான ஆள், அளந்துதான் பேசுவார். அவர் மனைவி சாந்தி, ஆம்பூர் போகும் வழியில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் லைனுக்கு சூப்பர்வைசர். அவர் பேசாததையும் சேர்த்து அந்த அம்மா பேசிவிடுவார். கணவருக்கு டியூட்டி இல்லாத நாட்களில் மனைவியை வேலைக்குக் கொண்டுபோய் விடுவதற்காகத்தான் அந்த வண்டி.

கேக் வெட்டி, கைதட்டல் ஓய்ந்த பிறகு தனசேகரன் ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்து வாரண்டி புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தார். என் சர்வீஸில் அதை முழுசாகப் படித்த முதல் ஆள் அவர்தான். நான் உட்பட. முதல் பக்கத்தில் என்னவெல்லாம் தருவோம் என்று இருக்கும். மீதிப் பக்கங்களில் எப்போதெல்லாம் தர மாட்டோம் என்று இருக்கும். படித்து முடித்து என் மேசைக்கு வந்தார்.

"சார், வண்டில குறை இருக்குதா இல்லையான்னு யாரு முடிவு பண்றது?"

"நாங்கதான் சார்."

"சரி" என்று சொல்லிவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து எதையோ எழுதிக்கொண்டார். ரயில்வேக்காரர்களுக்கு எழுதும் வியாதி உண்டு என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் வந்தார். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்ஜின் நின்றுபோகிறதாம். பட்டனை அழுத்தினால் கிளம்பாது. சாவியை மூடித் திறந்தால் உடனே கிளம்பிவிடுமாம். எந்த இடத்தில், எத்தனையாவது கிலோமீட்டரில், எந்த வேகத்தில் என்று நோட்டைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போனார். "வீட்ல பின்னாடி உக்காந்துனு இருந்தாங்க" என்றும் சொன்னார். நான் ஜாப் கார்டில், 'வண்டி நிற்கிறது' என்று இரண்டு வார்த்தை எழுதினேன். அந்தக் கட்டம் சின்னது. அதற்குள் அடங்காததை வாடிக்கையாளர் சொல்லவே இல்லை என்று எடுத்துக்கொள்வது நம் தொழில் மரபு.

எங்கள் தலைமை மெக்கானிக் காதர் பாய் வண்டியை எடுத்துக்கொண்டு பைபாஸில் இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்தார். நிற்கவில்லை. லேப்டாப்பை மாட்டிப் பார்த்தோம். எந்தக் குறையும் காட்டவில்லை. வண்டியைக் கழுவி, துடைத்து, 'சோதிக்கப்பட்டது, சரியாக உள்ளது' என்று எழுதிக் கொடுத்தோம். நமக்கு ஒன்றும் புரியாத வண்டியைப் பளிச்சென்று கழுவிக் கொடுப்போம், கவனித்திருக்கிறீர்களா?

பத்து நாளில் மறுபடி வந்தார். ஸ்பார்க் பிளக்கை மாற்றினோம். பிளக் செய்த பாவம் என்ன என்று கேட்காதீர்கள். கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது, அவ்வளவுதான். அடுத்து கலப்பட பெட்ரோல் என்றோம். பெட்ரோல் மாதிரி ஒரு நல்ல குற்றவாளி கிடைக்காது. எரிந்து போய்விடும், திரும்பி வந்து சாட்சி சொல்லாது. அவர் பங்க்கை மாற்றினார். வண்டி தன் பழக்கத்தை மாற்றவில்லை.

நான்காவது தடவை வந்தபோது வரவேற்பில் கூட்டம். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"சார், எங்க ஆளுங்க ஓட்டினா நிக்கல. நீங்க ஓட்டினாதான் நிக்குது. கிளட்ச் புடிக்கற பழக்கத்தைக் கொஞ்சம் மாத்திக்கோங்க."

தனசேகரன் என்னை நிதானமாகப் பார்த்தார். "நான் ஐம்பத்தெட்டு வேகன் இழுக்கற இன்ஜின் ஓட்டறேன் சார்."

"அதுல கிளட்ச் இல்லையே சார்" என்றேன்.

வரவேற்பில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. நோட்டை எடுத்து இரண்டு வரி எழுதினார். சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அன்று மத்தியானம் சாப்பிடும்போது அந்த ஜோக்கை நான் இன்னும் இரண்டு பேரிடம் சொன்னேன்.

அவர் கம்பெனிக்கே புகார் அனுப்பினார். அங்கிருந்து ஏரியா என்ஜினியர் வந்தார். முப்பது வயது இளைஞர், இஸ்திரி கலையாத சட்டை. நம் மாதிரி பத்துப் பதினைந்து ஷோரூம்களைக் கண்காணிப்பவர். அந்த மாதம் எங்கள் கிளை வாரண்டிக் கணக்கில் கம்பெனியிடம் கேட்ட பணம் ஜாஸ்தி. அதைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். தனசேகரன் வண்டியைப் பற்றி ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தில் வண்டியைத் தானே ஓட்டியும் பார்த்துவிட்டார். நம் வாசலிலிருந்து எதிர்ப்பக்க டீக்கடை வரை.

"ஒரு லெட்டர் குடுத்து முடிச்சிடுங்க சார். வண்டியில உற்பத்திக் குறை இல்ல, ஓட்டும் முறையாலயும் எரிபொருள் தரத்தாலயும் ஏற்பட்டிருக்கலாம்னு. இல்லன்னா இது இழுத்துக்கிட்டே போகும்."

கடிதம் தட்டச்சாகி வந்தது. கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தபோது காதர் பாய் ஒரு பில்லில் கையெழுத்து வாங்க உள்ளே வந்தார். மேசையிலிருந்த கடிதத்தைப் படித்தார்.

"சார், இதுல போடாதீங்க."

"இன்னா பாய், நீங்கதானே ஓட்டிப் பாத்தீங்க? நின்னுச்சா?"

"நிக்கல. எனக்குக் கெடைக்கலன்னு எழுதுங்க. இல்லவே இல்லன்னு ஏன் எழுதறீங்க? ரெண்டும் ஒண்ணா சார்? பொய் சொல்றவன் கிலோமீட்டரையும் டைமையும் எழுதினு இருக்க மாட்டான்."

அவர் என்னைவிடப் பத்து வயது சின்னவர், பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர். நான் டிப்ளமோ. ஆகவே டிப்ளமோ கையெழுத்துப் போட்டது.

இருபது நாள் போயிருக்கும். ஒரு காலை, பத்து மணி. ஆவணி பிறந்து முகூர்த்த நாட்கள் வந்திருந்ததால் ஷோரூமில் ஒரே கூட்டம். சாயங்காலம் டெலிவரிக்கு இருந்த வண்டிக்கு அப்போதே மாலை போட்டு வைத்திருந்தார்கள். அதை எடுக்கப்போகும் இளம் தம்பதி, காகிதங்களில் கையெழுத்துப் போட வந்து உட்கார்ந்திருந்தார்கள். அந்த நேரத்தில் சாந்தி உள்ளே வந்தார். தனியாக, பஸ்ஸில். இடது கை முழங்கை வரைக்கும் மாவுக்கட்டு.

நேராக என் மேசைக்கு வந்து, வலது கையால் பையைத் திறந்து, கடிதத்தை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"இது உங்க கையெழுத்துதானே சார்?"

"ஆமாம்மா. கை என்ன ஆச்சு?"

"பைபாஸ்ல இருந்து சர்வீஸ் ரோட்டுக்கு இறங்கற திருப்பம் இருக்குது இல்ல, அங்க நின்னுச்சு. திருப்பத்துல, மேட்டுல ஏறி இறங்கறப்போ. பின்னாடி லாரி. அவரு காலை ஊனிப் பாத்தாரு, முடியல, விழுந்துட்டோம். லாரிக்காரன் ஒடிச்சித் திருப்பினதால நான் இங்க நின்னு உங்களாண்ட பேசினு இருக்கேன்."

கடிதத்தை இன்னும் என் பக்கம் தள்ளினார்.

"வண்டில குறை இல்லன்னு எழுதிருக்கீங்க. அப்ப யாருகிட்டதான் குறை? எங்க வீட்டுக்காருகிட்டயா? இல்ல, பின்னாடி உக்காந்தேனே, எங்கிட்டயா? அதையும் எழுதிக் குடுத்துருங்க, வீட்ல மாட்டி வெக்கறேன்."

விற்பனை மேனேஜர் ஓடி வந்தார். "அம்மா, உள்ள வாங்க, உக்காருங்க, காபி சாப்பிடுங்க" என்றார். பிறகு என்ன தோன்றியதோ, "ஒரு புது ஹெல்மெட் தர்றோம்மா" என்றும் சொன்னார். நிறுவனத்தின் ஆறுதல் பரிசு எந்த நிலைமைக்கும் தயாராக இருக்கும்.

"ஹெல்மெட் தலைக்கு சார். ஒடைஞ்சது கை" என்றார் சாந்தி. காபியும் வேண்டாம் என்றார். பையிலிருந்து அந்தச் சின்ன நோட்டை எடுத்தார்.

"இத அவரு குடுக்கச் சொல்லல. டியூட்டிக்குப் போய்ட்டாரு, நானா எடுத்துனு வந்தேன். நாலு தடவ உங்களாண்ட காட்ட வந்தாராம், நீங்க ஒரு தடவகூட வாங்கிப் பாக்கலயாம். நுகர்வோர் ஆணையத்துல குடுக்கறதுக்கு முன்னாடி நீங்க ஒருக்கா படிச்சிருங்க. நான் இங்கயே உக்காந்துனு இருக்கேன்."

உட்கார்ந்தார். நோட்டு என் கையில் இருந்தது. அந்த இளம் தம்பதி எழுந்து நின்று, மாலை போட்ட தங்கள் வண்டியையும் சாந்தியின் கையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். அந்த அம்மாவின் கையைப் பற்றியல்ல. அந்தக் கடிதத்தை எப்படித் திரும்ப வாங்குவது என்றுதான் முதலில் நினைத்தேன். அதற்குப் பிறகுதான் நோட்டைத் திறந்தேன்.

வரிசையாக எழுதியிருந்தார். கிலோமீட்டர், இடம், வேகம், மழையா வெயிலா, பெட்ரோல் எவ்வளவு. மொத்தம் பதினொரு தடவை நின்றிருக்கிறது. பதினொரு வரியிலும் கடைசியில் 'சாந்தி பின்னால்' என்று இருந்தது. தனியாக ஓட்டிய நாட்களையும் எழுதியிருந்தார்; அவற்றில் ஒன்றில்கூட நிற்கவில்லை. நின்ற இடமெல்லாம் வேகத்தடை, பள்ளம், இல்லாவிட்டால் மேடு ஏறும் திருப்பம். என்னிடம் வந்த நாட்களும் அதில் இருந்தன. நான்காவது வருகைக்கு எதிரே, 'கிளட்ச் பழக்கத்தை மாற்றச் சொன்னார். இன்ஜினில் கிளட்ச் இல்லை என்றார். சிரித்தார்கள்' என்று எழுதியிருந்தார். கோபமாக ஒரு வார்த்தை இல்லை. ரயில் எந்த சிக்னலில் எத்தனை நிமிடம் நின்றது என்று எழுதுவதுபோல எழுதியிருந்தார்.

நாங்கள் அந்த வண்டியை எத்தனையோ தடவை ஓட்டிப் பார்த்திருந்தோம். எல்லாமே ஒற்றை ஆள். எல்லாமே வழவழப்பான பைபாஸ். டீக்கடை வரைக்கும் போன நிபுணர் உட்பட.

காதர் பாயைக் கூப்பிட்டு நோட்டை நீட்டினேன். ஒரு பக்கம்தான் படித்தார். "இத முன்னாடியே ஏன் சார் எனக்குக் காட்டல?" என்று கேட்டார். விழுந்த வண்டியை அன்று காலை யாரோ சுமை ஆட்டோவில் ஏற்றி வந்து விட்டிருந்தார்கள்; நான் அதுவரை கவனிக்காமல் எங்கள் கொட்டகையில் நின்றது. ஹேண்டில் லேசாக வளைந்திருந்தது, அதை நிமிர்த்தினார்.

"ஏறுங்க சார்" என்றார்.

"நானா?"

"பின்னாடி வெயிட்டு வேணும். இங்க உங்களவிட ஜாஸ்தி யாரு இருக்காங்க?"

இருபத்தெட்டு வருட அனுபவத்தில் அந்த வழக்குக்கு நான் செய்த முதல் உபயோகமான காரியம், என் எடை. தோல் பதனிடும் கம்பெனிகளுக்குப் பின்னால் போகும் ரோட்டுக்குப் போனோம். தண்ணீர் லாரிகள் ஓடி ஓடி அந்த ரோடு ரோடாகவே இல்லை. முதல் பள்ளம், இரண்டாவது பள்ளம், ஒன்றும் இல்லை. வேகத்தடை, ஒன்றும் இல்லை. எனக்குக் கேவலமாக ஒரு நிம்மதிகூட வந்தது. ஒருவேளை நான் எழுதியதே சரியோ என்று. ஏழாவது தடவை, ஒரு திருப்பத்தில் வண்டி சாய்ந்து பள்ளத்தில் இறங்கி ஏறியபோது, இன்ஜின் பொட்டென்று நின்றது.

நட்ட நடு ரோடு. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே வந்து பிரேக் போட்டது. "நின்னுச்சு சார்! நின்னுச்சு!" என்று காதர் பாய் கத்தினார். நானும் கத்தினேன். டிரைவர் தலையை வெளியே நீட்டி, "யோவ், சாவறதுக்கு இன்னாய்யா அவ்ளோ சந்தோசம்?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அந்த அம்மா இப்படித்தானே உட்கார்ந்திருப்பார், பின்னால் இப்படித்தானே லாரி வந்திருக்கும் என்று தோன்றியதும் சந்தோஷம் போய்விட்டது.

கொட்டகைக்கு வந்து சீட்டைக் கழற்றினோம். அதற்கு அடியில் தீப்பெட்டி அளவில் ஒரு சென்சார் இருக்கும். வண்டி கீழே விழுந்தால் இன்ஜினை நிறுத்துவது அதன் வேலை. அதைத் தாங்கும் தகடு கொஞ்சம் உயரமாக இருந்தது. பின்னால் ஆள் உட்கார்ந்து பள்ளத்தில் இறங்கும்போது, சீட்டின் அடிப்பாகம் இறங்கி அந்தத் தகட்டை அழுத்தியிருக்கிறது. சென்சார் சாய்ந்துவிட்டது. வண்டி நேராக ஓடிக்கொண்டிருக்க, தான் விழுந்துவிட்டதாக அதுவே நினைத்துக்கொண்டு இன்ஜினை நிறுத்தியிருக்கிறது. விழுந்த வண்டியை நிறுத்துவது அதன் கடமை என்பதால், கடமையைச் செய்ததைக் குறை என்று லேப்டாப் காட்டவில்லை. சீட்டின் அடியில் தகடு உரசிய கோடு பளிச்சென்று தெரிந்தது. முதல் நாளே சீட்டைத் தூக்கியிருந்தால் தெரிந்திருக்கும்.

வெளியே போய் சாந்தியிடம் சொன்னேன். "குறை கிடைச்சிடுச்சும்மா. வண்டிலதான். உங்க வீட்டுக்காரர் மேல ஒரு தப்பும் இல்ல."

"அது எனக்குத் தெரியும் சார்" என்றார். "உங்களுக்குத் தெரியட்டும்னுதான் வந்தேன்."

ஏரியா என்ஜினியருக்கு போன் செய்தேன். விஷயத்தைச் சட்டென்று புரிந்துகொண்டார், புத்திசாலிதான். "சூப்பர் சார்! தகட்டை லேசா வளைச்சு விட்டுட்டு, லூஸ் கனெக்‌ஷன் சரிசெய்யப்பட்டதுன்னு போட்டு க்ளோஸ் பண்ணிடுங்க. வடிவமைப்பு அது இதுன்னு எங்கயும் எழுதிடாதீங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

போனை வைத்தபோது காதர் பாய் அங்கே இல்லை. விற்பனைக்கு நின்ற அதே மாடல் வண்டிகளின் சீட்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பது வண்டி. மூன்றில் தகடு அதே உயரத்தில் இருந்தது. மூன்றில் ஒன்று, மாலை போட்ட வண்டி.

முதலாளி மாடியில் இருந்தார். தோல் வியாபாரக் குடும்பம்; அவரையும் நாங்கள் 'பாய்' என்றுதான் கூப்பிடுவோம். தோலில் ஓட்டை இருந்தால் தடவிப் பார்த்தே சொல்லிவிடுவார் என்பார்கள். மேலே போய், அந்த மாடல் வண்டி எதையும் இன்று டெலிவரி கொடுக்கக் கூடாது என்றேன்.

"இன்னாய்யா பேசறே? இன்னிக்கு எத்தினி டெலிவரி இருக்குது தெரியுமா? நல்ல நாள் பாத்து வந்துனு இருக்காங்க. கம்பெனி நிறுத்தச் சொல்லிச்சா?"

"சொல்லல பாய். சொல்லவும் மாட்டாங்க."

"நீதானே குறை இல்லன்னு லெட்டர் குடுத்தே? இப்ப குறை இருக்குன்றே. நான் எத நம்பறது?"

"லெட்டர் பொய் பாய். பார்க்காமலே எழுதினேன். இப்ப நானே பின்னாடி உக்காந்து பாத்துட்டு வர்றேன்."

அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். கீழே இறங்கி வந்தார். கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்திருந்த சாந்தியைப் பார்த்தார். மாலை போட்ட வண்டியின் சீட்டைத் தூக்கச் சொல்லி, அந்தத் தகட்டை விரலால் தடவினார். "நிறுத்து" என்றார். என்னைத் திட்டியது அதற்குப் பிறகு, கதவைச் சாத்திக்கொண்டு. அது உங்களுக்கு வேண்டாம்.

இளம் தம்பதியிடம் நானே போய்க் காரணத்தைச் சொன்னேன். அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. சொந்தக்காரர்கள் எல்லாம் சாயங்காலம் வருகிறார்களாம். அந்தப் பையன் மட்டும், "அந்த அக்காவப் பாத்ததுக்கு அப்புறம் நீங்க குடுத்தாலும் எடுத்திருக்க மாட்டேன் சார்" என்றான்.

அன்றே இன்னொரு கடிதம் எழுதினேன். என் முதல் கடிதம் தவறு, வண்டியில் குறை இருந்தது, ஓட்டியவர் மீது எந்தத் தவறும் இல்லை. மறுநாள் அதை எடுத்துக்கொண்டு ஜோலார்பேட்டைக்குப் போனேன். ரயில்வே குவார்ட்டர்ஸ் வீடு. தனசேகரன் டியூட்டி முடிந்து வந்து குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தார். முழங்காலில் சிராய்ப்பு. கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு மனைவியிடம் கொடுத்தார்.

சாந்தி சத்தமாகப் படித்தார். "'தங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்.' அசௌகரியம்னா இன்னா சார்? பஸ்ல சீட்டு கெடைக்கலன்னா அது அசௌகரியம். ஊசில நூல் கோக்கக்கூட ஒருத்தர கூப்புட வேண்டியிருக்குது எனக்கு."

பேனாவை எடுத்து அந்த வார்த்தையை அடித்து, மேலே 'காயத்துக்கு' என்று எழுதிச் சுருக்கொப்பம் வைத்தேன். தனசேகரன் வாங்கி மறுபடி படித்தார்.

"இத வச்சி நான் கேஸ் போட்டா உங்களுக்கு பேஜார் ஆகுமே சார்?"

"ஆகும் சார். போடுங்க."

போட்டார். நான் சாட்சிக்குப் போனேன். கம்பெனியின் வக்கீல் மரியாதையானவர். என் அனுபவத்தை ஐந்து நிமிடம் புகழ்ந்துவிட்டுக் கேட்டார்: "இத்தனை வருட அனுபவமுள்ள உங்களுக்கே தெரியாத குறை, தொழில்நுட்பம் படிக்காத வாடிக்கையாளருக்கு எப்படித் தெரிந்தது?"

"அவருக்கும் தெரியாதுங்க ஐயா. அவர் நடந்ததை எழுதி வச்சார். நான் படிக்கல."

வக்கீல் உட்கார்ந்துவிட்டார். வண்டியை மாற்றிக் கொடுக்க உத்தரவானது. கம்பெனி குறையைக் கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் இரண்டு மாதத்தில் எல்லா ஊர்களிலும் அந்த மாடலுக்கு 'வாடிக்கையாளர் மகிழ்ச்சி முகாம்' என்று ஒன்று நடத்தினார்கள். இலவசமாக வண்டி கழுவி, ஒரு சாவிக்கொத்து கொடுத்து, சீட்டுக்கு அடியில் இருந்த தகட்டைச் சத்தம் போடாமல் மாற்றி அனுப்பினார்கள். அந்த ஏரியா என்ஜினியருக்குப் பதவி உயர்வு கிடைத்தது. எனக்கு அந்த வருடம் சம்பள உயர்வுக்குப் பதில் விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. காதர் பாய்க்கு ஒன்றுமே வரவில்லை. அதனால் அவர் மகன் ஷோரூம் வேலையே வேண்டாம் என்று தோல் கம்பெனியில் சேர்ந்துவிட்டான். இதையும் தெரிந்துகொண்டே வேலைக்கு வாருங்கள்.

மாற்று வண்டியை எடுக்க இருவரும் வந்த அன்று கேக், ரிப்பன் எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சாந்தியின் கட்டைப் பிரித்துப் பல மாதம் ஆகியிருந்தும் இடது மணிக்கட்டு முழுசாக மடங்கவில்லை. ஒரு ரப்பர் பந்தை அமுக்கிக்கொண்டே நின்றார். தனசேகரன் வண்டியைக் கிளப்பி ஏறி உட்கார்ந்தார். நான் கைகட்டி நின்றுகொண்டிருந்தேன்.

"சார், மொதல்ல நீங்க உக்காருங்க" என்றார் சாந்தி.

விற்பனைப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நான் ஏறி உட்கார்ந்தேன். தோல் கம்பெனி ரோடு முழுவதும் போனோம். ஒரு பள்ளத்தையும் அவர் விடவில்லை. சிலவற்றில் திரும்பி வந்து இன்னொரு தடவை இறக்கினார். எனக்கு இடுப்பு கழன்றுவிட்டது. திரும்பி வந்து நிறுத்தி, "சரியா இருக்குது" என்றார். என்னிடம் இல்லை, மனைவியிடம்.

சாந்தி பந்தைப் பைக்குள் போட்டுவிட்டு ஏறினார். இடது கையால் கைப்பிடியைப் பிடிக்கப் பார்த்தார். விரல்கள் முழுசாக மூடவில்லை. வலது கைக்கு மாற்றிக்கொண்டார். வண்டி மெதுவாக வாசலைத் தாண்டி, ரோட்டில் இருந்த வேகத்தடையில் ஏறி, கொஞ்சம் சாய்ந்து, இறங்கியது.

இன்ஜின் சத்தம் நிற்கவில்லை. அது காதுக்கு எட்டாமல் போகும் வரை நின்றுவிட்டுத்தான் நான் உள்ளே போனேன்.